கார் வெளியே, விமானம் உள்ளே

போன சனிக்கிழமையோடு எங்கள் வீட்டு இரண்டு கார்களும் கராஜை விட்டு வெளியேறிவிட்டன. ஒஹாயோவில் குளிர் தொடங்கும் நேரம் பார்த்து இதைச் செய்கிறவனுக்கு மறை கழன்றிருக்க வேண்டும் என்பது என் மனைவியின் கருத்து. காலையில் கார் கண்ணாடியில் உறைந்திருப்பதை யார் சுரண்டுவது என்பதில்தான் எங்களுக்குள் முதல் ஒப்பந்தம். நான்தான். ரெண்டு காருக்கும்.

விஷயம் இதுதான்: விமானம் கட்டப்போகிறேன். பொம்மை விமானம் இல்லை. ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகிற ஆர்வி-9ஏ. பாகங்கள் பெட்டியில் வரும், கட்டுவது நான். இறக்கை நுனிக்கு நுனி 28 அடி. என் கராஜ் 22 அடிதான், ஆனால் இறக்கைகளைத் தனித்தனியாகக் கட்டி, கடைசியில் விமான நிலையத்தில் வைத்து மாட்டுவார்கள் என்பதால் தப்பித்தேன்.

"பெட்டியில வரும்னா, திருகாணி போட்டு மாட்டுற அலமாரி மாதிரியா?" என்று திருச்சியிலிருந்து தம்பி கேட்டான். அப்படியென்றால் சட்டமே ஒத்துக்கொள்ளாது. வீட்டில் கட்டும் விமானத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைக்க, வேலையில் பெரும்பங்கை அமெச்சூர் ஆட்களே செய்திருக்க வேண்டும். அதுவும் படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும். '51 சதவீத விதி' என்பார்கள். காசு கொடுத்து வேறு யாரையாவது கட்டச் சொல்லிவிட்டு நாம் காப்பி குடித்துக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு நாளும் என்ன செய்தோம் என்று போட்டோவோடு குறிப்பேடு எழுதிவர வேண்டும். கட்டியவர் நாம்தான் என்று நிரூபித்தால், வருடாந்தரப் பரிசோதனையை நாமே செய்துகொள்ளும் சான்றிதழும் கிடைக்கும்.

எனக்கு 63 வயது. 31 வருஷம் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்த்தேன். பச்சையாகச் சொன்னால், அடுத்தவர் செய்ததை அளந்து பார்த்து, தேறாவிட்டால் சிவப்பு டேக் மாட்டுவது. ஒரு பாகத்தைக்கூட நானாகச் செய்ததில்லை. பறக்கும் லைசென்ஸ் 2009-லிருந்து இருக்கிறது. வாடகைக்கு எடுக்கும் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் ஹஃப்மன் ப்ரெய்ரி. ரைட் சகோதரர்கள் 1904, 1905 இரண்டு வருஷமும் பறந்து பழகிய மாட்டு மேய்ச்சல் நிலம். அவர்கள் முதலில் பறந்த கிட்டி ஹாக்கை எல்லோருக்கும் தெரியும். ஆனால் விமானத்தைத் திருப்பவும், வட்டமடிக்கவும், விழாமல் இருக்கவும் அவர்கள் கற்றுக்கொண்டது இங்கேதான். 1905 அக்டோபர் 5-ல் 39 நிமிஷம், 24 மைல். காலை நடைக்கு அங்கே போகிற பழக்கம் இருந்தால் இந்த மாதிரி யோசனைகள் வராமல் என்ன செய்யும்?

எந்த விமானம் என்பதில் மட்டும் எட்டு மாதம் போனது. நண்பர்கள் எல்லோரும் ஆர்வி-12 கட்டு என்றார்கள். அதில் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி, அதாவது ரிவெட், பெரும்பாலும் இழுத்து அடைக்கும் வகை. ஒரு கையால், தனியாளாகப் போட்டுவிடலாம். 9ஏ-யில் பெரும்பாலும் திட ரிவெட், பத்தாயிரத்துக்கு மேல். அதை அடிக்கிற சுகத்துக்காகத்தான் கட்டுவதே என்று எனக்குப் பட்டது. 1,800 மணி நேர வேலை என்று வைத்துக்கொண்டேன். வாரம் 12 மணி நேரம் என்றால் 150 வாரம். அப்போது எனக்கு 66. பைலட்டுகளுக்கு பேசிக்மெட் என்ற எளிய உடல்தகுதி விதி வந்ததிலிருந்து, எஃப்ஏஏ (அமெரிக்க விமானத் துறை) நியமித்த டாக்டரைத் தேடிப் போகாமல், நாலு வருஷத்துக்கு ஒருமுறை என் வழக்கமான டாக்டரிடமே பரிசோதனை செய்துகொள்ளலாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தால் கணக்கு சரியாக வருகிறது.

கருவிகளைப் புதிதாக வாங்கவில்லை. மூன்று மணி நேரத் தூரத்தில் ஒருவர் எல்லாவற்றையும் மொத்தமாக விற்றார். ரிவெட் கன், குழிவு போடும் டிம்பிள் டை, ரிவெட் அடிக்கும்வரை தகடுகளைப் பிடித்து வைக்கும் கிளிக்கோ. கிளிக்கோ மட்டும் ஐந்நூறுக்கு மேல்: வெள்ளி நிறம் 3/32 அங்குல ஓட்டைக்கு, செம்பு நிறம் 1/8-க்கு. ஆளைப் பார்த்தால் என்னைவிடப் பத்து வயது கூட. வால்பகுதியோடு நிறுத்திவிட்டார். கண் சரியில்லை என்றார், வேறெதுவும் சொல்லவில்லை. கருவிப் பெட்டிக்கு அடியில் அவருடைய குறிப்பேடு கிடந்தது. 212 மணி நேரம் வரை அழகான கையெழுத்து. அதற்கப்புறம் வெற்றுத் தாள். திருப்பிக் கொடுக்கலாமென்று போன் செய்தேன். "உனக்குப் பிரயோஜனப்படும், வைத்துக்கொள்" என்றார். உண்மையிலேயே பிரயோஜனப்படுகிறது. எந்த ஓட்டையில் தப்பு வரும் என்பதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

இனி ரிவெட். நம் ஊரில் ஒருத்தனுக்கு 'ரிவிட் அடிப்பது' என்றால் வேறு அர்த்தம். முதல் ஒரு வாரம் அந்த அர்த்தத்தில்தான் எனக்கு நடந்தது.

முதலில் ஓட்டையின் விளிம்பில் பிசிறு எடுக்க வேண்டும். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். தகட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, பிசிறு தட்டுப்பட்டால் "முடியல" என்று ஒரே வார்த்தை சொல்வார். அதைத்தான் செய்கிறேன். பிறகு ரிவெட்டின் தலை தகட்டுக்குச் சமமாக உட்காரும்படி டையால் குழிவு. பிறகு ரிவெட்டைச் செருகி, இந்தப் பக்கம் கன், அந்தப் பக்கம் கையில் ஒரு டங்ஸ்டன் கட்டி. பார்க்கத் தீப்பெட்டி மாதிரி, தூக்கினால் அம்மிக்குழவி. ரெண்டு பேர் வேலை.

கட்டி பிடிப்பது மனைவி. காதில் மஃப் போட்டுக்கொண்டு, புடைவைக்கு மேலே என் பழைய தொழிற்சாலைக் கோட்டு.

"ஏங்க, இது நசுங்கிடுச்சா, இல்ல இன்னும் அடிக்கணுமா?"

நசுங்கிய பக்கம் ரிவெட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலம், பாதி உயரம் இருக்க வேண்டும். 3/32 ரிவெட் என்றால் சுமார் 3.6 மில்லிமீட்டர் அகலம், 1.2 உயரம். அளவுக்கட்டை வைத்துப் பார்த்தேன். அகலம் சரி. ஆனால் ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. 31 வருஷப் பழக்கம் விடுமா? துளைத்து எடுத்தேன். எடுக்கும்போது டிரில் லேசாக நகர்ந்து ஓட்டை பெரிதானது. அடுத்த ரிவெட் இன்னும் சாய்ந்தது. அதையும் எடுத்தேன். மூன்றாவது முறை அந்த ஓட்டை முட்டை வடிவத்தில் இருந்தது. ஐந்து டாலர் தகடு, குப்பை.

இ.ஏ.ஏ. என்று வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்கான ஒரு சங்கம் இங்கே இருக்கிறது, 1953-லிருந்து. அவர்களுடைய தொழில்நுட்ப ஆலோசகர் ஒருவர் இலவசமாக வீட்டுக்கே வந்து பார்ப்பார். வந்தவர் ரெண்டு விமானம் கட்டியவர். என் குப்பைத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் ரிவெட் எப்படி இருந்தது என்று கேட்டார். போட்டோவைக் காட்டினேன். "இதை ஏன் எடுத்தாய்?" என்றார். சாய்ந்திருந்ததே என்றேன். "சுமாரான ரிவெட்டை எடுப்பதால் வருகிற கெடுதல், அதை விட்டுவைப்பதால் வருவதில்லை. எதை விடலாம் என்று தெரிவதுதான் உன் முதல் பாடம்." போகும்போது தன் சட்டைப்பையிலிருந்து கொஞ்சம் 'ஊப்ஸ்' ரிவெட் கொடுத்துவிட்டுப் போனார். சின்னத் தலை, பெருத்துப்போன ஓட்டைக்கென்றே இருப்பது. பெயரே அதுதான், நான் வைத்ததில்லை.

சிவப்பு டேக் மாட்டியே பழகிய கைக்கு இது லேசில் வரவில்லை. இப்போது சந்தேகம் வந்தால் கட்டியைக் கீழே வைத்துவிட்டு ரெண்டு பேரும் டீ குடிக்கப் போகிறோம். திரும்பி வந்து அளந்தால் பாதிக்கு மேல் சரியாகத்தான் இருக்கிறது.

விமானத்துக்குள் பயணிக்குத் தெரியும்படி ஒரு எச்சரிக்கைப் பலகை ஒட்ட வேண்டும்: இது அமெச்சூர் ஆள் கட்டியது, வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளின்படி அமைந்ததல்ல என்று. மனைவி அதைச் சத்தமாக ஒருமுறை படித்தாள். "இதை நான் உக்கார்ற பக்கம்தான் ஒட்டணுமா?" என்றாள். பிறகு, முதல் நாற்பது மணி நேரம் நீங்களே தனியாக ஓட்டுங்கள், அதுக்கப்புறம் பார்க்கலாம் என்று நிபந்தனை போட்டாள். சான்றிதழ் பெற்ற எஞ்சின்-புரொப்பெல்லர் ஜோடி இல்லையென்றால் சோதனைப் பறப்பு வழக்கமாக 40 மணி நேரம், அதுவரை பயணியை ஏற்றக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. விட்டுக்கொடுத்ததாக இருக்கட்டும்.

பயிற்சிக்கென்று செய்த சின்ன அலுமினியப் பெட்டி முடிந்தது. 94 ரிவெட், அதில் 11 சுமார், ரெண்டு ஊப்ஸ். அவள் அதில் முறுக்கு அச்சுகளைப் போட்டு வைத்திருக்கிறாள். வால்பகுதிப் பெட்டி வியாழக்கிழமை லாரியில் வருகிறது. அந்தப் பெரியவரின் குறிப்பேட்டில் 212-க்கு அடுத்த தாளில் தொடங்கலாமா, புது நோட்டு வாங்கலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.