வாவியின் இரு கரைகளிலும்

மட்டக்களப்பு வாவியைக் கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புபவர்கள் அதன் ஒரு மூலையை மட்டுமே காண்கிறார்கள். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நீர்ப்பரப்பு அது. நடந்தும் வாகனத்தில் ஓடியும் தோணியில் மிதந்தும் பார்த்தால்தான் அதன் இயல்பு பிடிபடும்.

நடைக்கு ஏற்றது, மட்டக்களப்பு நகரின் மையமான புளியந்தீவு. 1628இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கிய கோட்டையின் மதிலோரம் காலையிலேயே போய்விட வேண்டும். வாகனத்தில் செல்பவர்கள் காத்தான்குடி, ஆரையம்பதி வழியாகப் போய், 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தைக் கடந்து, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இறங்கலாம். முன்பெல்லாம் அந்தத் துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகுக்காகக் காத்து நின்றுதான் கொக்கட்டிச்சோலை தான்தோன்றீச்சரம் சிவன் கோயிலுக்குப் போனோம். பாலம் வந்தது பெரும் ஆறுதல்.

ஆனாலும் எனக்குத் தோணிப் பயணமே மேலானது. கண்டல் வேர்களை ஒட்டி மெல்ல நகரும்போது, வீச்சுவலையின் ஓரத்தைப் பல்லில் கவ்வியபடி இடுப்பளவு நீரில் நிற்கும் மீனவர், உடலை ஒருமுறை திருப்பி வலையை வட்டமாக விரித்தெறிவதை மிக அருகில் காணலாம். என்ஜின் இரைச்சலில் நீர்க்காகங்கள் எழுந்து பறந்துவிடும் என்பதால், துடுப்பு வலிக்கும் தோணியையே கேட்டு வாங்குங்கள். நிலாக்காலமானால், துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து, மீன்கள் பாடுகின்றனவா என்று கேட்டுப் பார்க்கும் பழைய வழக்கத்தையும் தோணிக்காரரே சொல்லித் தருவார்.