சாகாது ஆச்சி

"லைன் செத்துப்போச்சுன்னா எனக்குத் தெரியுமா தம்பி?"

ஆச்சி கேட்டது இவ்வளவுதான். கேட்டது அவர்களுடைய பலகாரக் கடைக்கு நான் இன்டர்நெட் போன் மாட்டிய அன்று. நான் சொன்னது: "சாகாது ஆச்சி. மெஷின் இங்க இல்லையே. பெரிய டேட்டா சென்டர்ல இருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு எடுத்துக்கும்." இதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த மெஷின், அதாவது சர்வர், அதற்குப் பிறகும் ஒரு நாள்கூடச் சாகவில்லை. ஆனாலும் வண்டி ஓட்டும்போதும் சாப்பிடும்போதும் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. பதில் சரியாக இருந்தும் ஏன் உறுத்துகிறது என்று எனக்கே விளங்கவில்லை.

நடந்தது சின்ன விஷயம். கல்யாண சீசனில் ஒரு முற்பகல், குழாய் பதிக்க வந்த ஜேசிபி தெருமுனையில் இன்டர்நெட் வரும் ஃபைபரை அறுத்துவிட்டது. கடையில் கரண்ட் இருந்தது. மோடமும் எரிந்துகொண்டிருந்தது. அதில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கியிருக்கும், ஆனால் மோடம் இருந்தது மாடிப்படிக்குக் கீழே, முறுக்கு டின் அடுக்குக்குப் பின்னால். முகப்பில் மேஜை மேல் நான் வைத்த அந்த இன்டர்நெட் போனில் வழக்கம்போலப் பச்சை விளக்கு. பிள்ளைகள் சீப்பு சீடையை எடை போட்டுப் பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு ஆர்டர் கொஞ்சம் மந்தம் என்று நினைத்திருக்கிறார்கள். வேறு என்ன நினைப்பார்கள்?

அந்தப் பச்சை விளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். க்ளவுட் பிபிஎக்ஸில், அதாவது தூரத்து சர்வரில் ஓடும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், மேஜைப் போன் குறிப்பிட்ட இடைவெளியில் சர்வரிடம் போய் "நான் இருக்கேன்" என்று பதிவு செய்துகொள்ளும். அந்த மாடலில் ஏற்கெனவே வைத்து வந்த இடைவெளி 3600 விநாடி. பதிவு செய்த கையோடு ஃபைபர் அறுந்தால், அடுத்த பதிவு நேரம் வரும்வரை கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்துக்கு, எல்லாம் சரியாக இருப்பதாகப் போனும் நம்பும், போன் இருப்பதாக சர்வரும் நம்பும். வருகிற அழைப்பை சர்வர் அந்த முகவரிக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, யாரும் எடுக்கவில்லை என்று எழுதிக்கொள்ளும்.

மாற்று ஏற்பாடு இல்லாமலும் இல்லை. போன் பதிவில் இல்லாவிட்டால் அழைப்பு ஆச்சியின் செல்லுக்குத் திரும்ப வேண்டும் என்று விதி போட்டிருந்தேன். "எடுக்காவிட்டால் திருப்பு" என்று போட்டிருந்தால் அன்றைக்கே வேலை செய்திருக்கும். அதை வேண்டாமென்றது ஆச்சிதான். "கடையில எடுக்கலைன்னா என் செல்லுக்கு வர வேணாம் தம்பி. அப்புறம் இந்தப் பிள்ளைகளுக்கு எதுக்குச் சம்பளம்?" நியாயமான பேச்சு. நான் முதலாளியாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பதிவு காலாவதியான பிறகு விதி ஒழுங்காகவே வேலை செய்தது. ஆச்சி செல் அடித்தது. கடைக்குத் தெரிந்த முதல் தகவல் அதுதான்.

அதற்குள் தேவகோட்டையில் இருந்து ஒரு பழைய வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார். கல்யாணத்துக்கு மாவுருண்டை, மனோலம், தேன்குழல் என்று பெரிய ஆர்டர். அவருக்குக் கேட்டது என்னவென்றால், முதலில் ஆச்சி பேத்தியின் ரெக்கார்ட் செய்த குரலில் வணக்கம், பலகாரம் வேண்டுமென்றால் ஒன்றை அழுத்துங்கள். பிறகு நாதஸ்வரம். பிறகு ரிங். பிறகு மறுபடியும் பேத்தி, அனைவரும் வேலையாக இருக்கிறார்கள், காத்திருங்கள். அந்த ஆர்டர் வேறு கடைக்குப் போய்விட்டது. இன்னொரு நாள் வழியில் பார்த்தபோது அவரே சொன்னாராம்: "உங்க பேத்தி நல்லாத்தான் பேசுது ஆச்சி. ஆளுகதான் வரமாட்டேங்கிறாக."

ஆச்சி என்னிடம் கோபப்படவில்லை. பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். என்னிடம் நியாயம் நிறையவே இருந்தது. ஃபைபர் என்னுடையது இல்லை, ஜேசிபியும் என்னுடையது இல்லை. ஆச்சி கேட்டது வேறு. மாதக் கடைசியில் கம்பெனி அனுப்பிய அறிக்கையை நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். சேவை இயங்கிய நேரம் 100 சதவீதம். அன்றைய முற்பகலின் அழைப்புகள் எல்லாமே "ஏற்கப்பட்டவை" பட்டியலில் இருந்தன, ஏனென்றால் பேத்தியின் வணக்கம் ஒலித்த நொடியே கணக்குப்படி அழைப்பு ஏற்கப்பட்டாயிற்று. ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் வரிவரியாகத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப நாம பேசியிருக்கோம்னுல்ல போட்டிருக்கு?" என்றார்கள்.

இதற்கு நான் கொடுத்த விளக்கம் நீளமானது. அது எனக்கே பிடிக்கவில்லை.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். லேண்ட்லைன் காலத்தை இப்போது எல்லோரும் பொன்னான காலம் என்கிறார்கள். மழை பெய்து ஜாயிண்ட்டில் தண்ணீர் இறங்கினால் வாரக்கணக்கில் கரகரவென்று கேட்டதை மறந்துவிட்டார்கள். செம்புக் கம்பி அறுந்தாலும் கூப்பிடுகிறவருக்கு ரிங் போவதுபோலத்தான் கேட்கும். அந்த ஏமாற்று க்ளவுட் கண்டுபிடித்தது இல்லை. ஆனால் அந்தக் கம்பியில் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியின் 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ஊரெல்லாம் கரண்ட் போனாலும் ரிசீவரை எடுத்தால் "ங்" என்று ஒரு சத்தம் வரும். வரவில்லையென்றால் லைன் செத்துவிட்டது; சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆச்சி காலையில் கல்லாவில் உட்கார்ந்ததும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விளக்கேற்றுவார்களாம். இதை நான் பின்னால்தான் கேள்விப்பட்டேன். தெரிந்திருந்தால் அன்றைக்கு வேறு பதில் சொல்லியிருப்பேனா? சந்தேகம்தான்.

ஏனென்றால் எங்களிடம் இருக்கிற பதிலே, சேவை இயங்கும் நேரம் இத்தனை சதவீதம் என்பதுதான். 99.9 என்றால் 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம், வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் சேவை நின்றால் நிற்கலாம். 99.99 என்றால் வருடத்துக்கே 53 நிமிடத்துக்குள். கேட்க நன்றாக இருக்கும், கையெழுத்தும் விழும். அது அளக்கப்படுவது சர்வர் வாசலில். அங்கிருந்து கடை மேஜை வரைக்கும் உள்ள தூரம் ஒப்பந்தத்தில் விதிவிலக்காக ஒரு வரியில் இருக்கும். அந்த வரியை நான் மறைத்ததில்லை. விரல் வைத்துக் காட்டியதும் இல்லை, இந்தத் தொழிலில் யாரும் காட்டுவதில்லை.

இப்போது அந்தக் கடையில் பதிவு இடைவெளியை 120 விநாடியாகக் குறைத்தாயிற்று. போன் பதிவு விழுந்தால் ஆச்சிக்கும் எனக்கும் செய்தி வரும்படி செய்திருக்கிறேன். ஆச்சி அதைப் பார்ப்பதில்லை. தினமும் கடை திறந்ததும் ஒரு பெண்ணை செல்லில் இருந்து கடை நம்பருக்கு அடிக்கச் சொல்லி, மேஜைப் போன் மணி கேட்ட பிறகுதான் அடுப்புப் பக்கம் போகிறார்கள். காலை எட்டு மணிக்கு அடித்தது எட்டு மணிக்குத்தான் சாட்சி, பத்து மணிக்கு ஜேசிபி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "உங்க மெசேஜு வரும்ல, அதை நீங்க பாருங்க" என்றார்கள்.

பழைய லேண்ட்லைனையே போட்டுக்கொடு என்றும் கேட்டுப் பார்த்தார்கள். இப்போது லேண்ட்லைன் என்று எழுதிக் கொடுத்தாலும் பெரும்பாலும் வீட்டுக்கு வருவது ஃபைபர்தான், அதன் மோடத்தில் போனைச் செருக வேண்டியதுதான், கரண்ட் போனால் அதுவும் போகும் என்று விளக்கினேன். இரண்டாவது ஃபைபர் எடுக்கலாம், ஆனால் இரண்டும் அதே தெருமுனை வழியாகத்தான் வருகின்றன. மிச்சம் இருப்பது சிம் போட்ட 4ஜி ரூட்டர். ஒரு அழைப்புக்கு 100 கேபிபிஎஸ் வேகம்கூட வேண்டாம், 4ஜி தாராளமாகப் போதும். கடை இருக்கும் வீட்டின் சுவர் கனத்தால் கீழ்த்தளத்தில் சிக்னல் நிற்காது, மாடியில் வைக்க வேண்டும். அங்கிருந்து முகப்புக்கு ஒயர் இறக்க வேண்டும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் கை வைக்கக் கூடாது, தேக்கு நிலையில் துளை போடக் கூடாது என்பது ஆச்சியின் நிபந்தனை. முற்றத்து ஓரமாகச் சுற்றிக்கொண்டு வந்தால் ஒயர் அறுபது மீட்டர் ஆகிறது. அதற்கு யார் காசு கொடுப்பது என்பதில் நாங்கள் இருவரும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.