சண்டையாகப் படியுங்கள்: நெட் தேர்வில் உலமாவும் நவீனவாதிகளும்

நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) முடிவு வந்துவிட்டது. 'அரபுப் பண்பாடும் இஸ்லாமிய ஆய்வுகளும்' பாடத்தில் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்திருக்கிறது. ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை) கைக்கு எட்டவில்லை. பாதி நிம்மதி, பாதி எரிச்சல். ஆறப்போட்டு எழுதினால் எல்லாம் நல்லபடியாக நடந்ததுபோல் எழுதிவிடுவேன். அதனால் சூடு தணிவதற்குள் எழுதிவிடுகிறேன்.

தேர்வின் அமைப்பு உங்களுக்குத் தெரியும்: முதல் தாள் பொது, இரண்டாம் தாள் பாடம். நான் பேசப்போவது ஒரே ஒரு பகுதியைப் பற்றி: 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சீர்திருத்தச் சிந்தனையும் அதற்கு மரபுவழி உலமா (மார்க்க அறிஞர்கள்) கொடுத்த பதிலும். இரண்டாம் தாளில் என்னைக் கரையேற்றியது அதுதான். உமையாக்கள், அப்பாஸியர்கள், ஹதீஸ் தொகுப்புகள் எல்லாம் மதரஸாவில் ஓதியவர்களுக்கு ஓரளவு பழகிய இடம். இந்தப் பகுதியில் ஓதி வந்தவர்களும் வழுக்குகிறார்கள், கல்லூரி வழியாக வந்தவர்களும் வழுக்குகிறார்கள். ஓதி வந்தவர்கள் அலிகர் கல்லூரியைத் தொடங்கிய சர் சையது அகமது கான் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். அவர் எழுதியதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கல்லூரிக்காரர்களுக்குத் தேவ்பந்து மதரஸா என்றால் 'பழமைவாதம்' என்று ஒரு வார்த்தையோடு கதை முடிந்தது. வெறுப்புக்கு மதிப்பெண் கிடையாது.

நான் பணம் கட்டிச் சேர்ந்த பயிற்சி மையத்தின் குறிப்பேட்டில் இந்தப் பகுதிக்கு ஒதுக்கியிருந்த இடம் ஒன்றரைப் பக்கம். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'மரபுவாதிகள்', வலப்பக்கம் 'நவீனவாதிகள்'. வலப்பக்கத்தில் ஜமாலுத்தீன் ஆப்கானி, முஹம்மது அப்துஹு, ரஷீத் ரிழா, சர் சையது, அலீ அப்துர் ராசிக், இக்பால் என எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். இதை மனப்பாடம் செய்துகொண்டு கூற்று–காரணம் கேள்விகளுக்குள் நுழைந்தால் தொலைந்தோம். ஏனென்றால் அந்த வலப்பக்கத்து ஆட்கள் ஒருவரையொருவர் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறார்கள். ஆப்கானி ஹைதராபாத்தில் தங்கியிருந்தபோது பாரசீகத்தில் எழுதிய பொருள்முதல்வாத மறுப்பு, சர் சையதைப் பின்பற்றிய 'நேச்சரி'களைக் (இயற்கைவாதிகளைக்) குறிவைத்த நூல். அதை அரபிக்குக் கொண்டுபோனவர் அப்துஹு. அதே அப்துஹுவின் முதன்மை மாணவர் ரிழாதான், அப்துஹுவின் சிந்தனைவழி வந்தவராகவே எண்ணப்படும் அலீ அப்துர் ராசிக்கை 'அல்-மனார்' இதழில் வறுத்தெடுத்தார். கோடு எங்கே போயிற்று?

எனவே ஆட்களின் பெயர்களை விட்டுவிட்டுச் சண்டைகளை எழுதத் தொடங்கினேன். பெரிய தாள் ஒன்றில் நான்கு கட்டங்கள்: யார் என்ன சொன்னார், எந்த ஆண்டு, எதிர்த்து எழுதியவர் யார், கடைசியில் என்ன ஆயிற்று. ஒரு சண்டைக்கு ஒரு வரி. நான்காவது கட்டத்தைப் பலர் விட்டுவிடுவார்கள், விடாதீர்கள். சம்பவம் நினைவில் நிற்பது அதனால்தான்.

ஒரு வரியை மட்டும் விரித்துக் காட்டுகிறேன்.

1924 மார்ச்சில் துருக்கி கிலாஃபத்தை ஒழிக்கிறது. அடுத்த ஆண்டு எகிப்தில் அலீ அப்துர் ராசிக்கின் 'அல்-இஸ்லாம் வ உஸூலுல் ஹுக்ம்' வெளிவருகிறது. அவர் வெளியாள் அல்லர். கெய்ரோவின் அல்-அஸ்ஹர் கல்விக்கூடத்தில் ஓதியவர், ஷரீஅத் நீதிமன்றத்தில் காழி (நீதிபதி). நபி செய்தது தூதுப் பணி, அரசு நிறுவுவது அந்தப் பணியின் பகுதியாக இருக்கவில்லை. கிலாஃபத்தைக் கடமையாக்கும் ஆதாரம் குர்ஆனிலும் இல்லை, ஹதீஸிலும் இல்லை என்பது அவர் வாதம். எகிப்து மன்னர் ஃபுவாதுக்கோ காலியாகக் கிடந்த கலீஃபா பதவியின் மேல் ஒரு கண். அந்த ஆகஸ்டிலேயே அஸ்ஹரின் மூத்த உலமா குழு அலீ அப்துர் ராசிக்கை விசாரித்து ஆலிம் தகுதியைப் பறித்தது. காழி பதவியும் போயிற்று. தீர்ப்பை நிறைவேற்றத் தயங்கிய நீதி அமைச்சர் பதவி இழந்தார். கூட்டணி அமைச்சரவையே உடைந்தது. எதிர்நூல் எழுதியவர்களில் இரண்டு பெயர்கள் கட்டாயம்: முஹம்மது பகீத் அல்-முதீஈ, முஹம்மது அல்-கிழ்ர் ஹுஸைன். இரண்டாமவர் துனீசியாவில் பிறந்தவர். 1926இல் தாஹா ஹுஸைன் இஸ்லாத்துக்கு முந்தைய கவிதைகளின் உண்மைத்தன்மையைச் சந்தேகித்து நூல் எழுதியபோதும் இவர் மறுப்பு எழுதினார். பிறகு 1952இல் ஷைகுல் அஸ்ஹர் (அஸ்ஹரின் தலைவர்) ஆனார். ஒரே பெயரில் இரண்டு வரி நிரம்பிவிட்டது பாருங்கள். பொருத்துக கேள்விக்கு இதைவிட வசதி வேண்டுமா?

இன்னொன்றும் உண்டு. அஸ்ஹர் விலக்கிவைத்த அலீ அப்துர் ராசிக்கின் சொந்த அண்ணன் முஸ்தஃபா, அப்துஹுவின் மாணவர், 1945இல் அதே அஸ்ஹருக்கு ஷைக் ஆனார். இடப்பக்கம், வலப்பக்கம் என்று எழுதியவர் இந்தக் குடும்பத்தை எந்தப் பக்கத்தில் வைப்பாரோ!

இந்தியப் பகுதியில் தேவ்பந்து (1866), அலிகர் (1875) என்று எதிரெதிரே நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தேவ்பந்தைத் தொடங்கியவர்களில் முதன்மையான காசிம் நானூத்தவி, சர் சையதின் கொள்கைகளுக்குப் பதிலாக எழுதியது 'தஸ்ஃபியத்துல் அகாயித்'. கடிதப் போக்குவரத்தில் பிறந்த நூல்; வாதம் கடுமை, மரியாதைக்குக் குறைவில்லை. 1880இல் நானூத்தவி இறந்தபோது அவரைப் புகழ்ந்து இரங்கல் எழுதியவர் சர் சையது. 1920 அக்டோபரில் காலனி அரசின் உதவியை மறுத்து அலிகர் மண்ணிலேயே ஜாமிஆ மில்லியா பிறந்தபோது, நோயுற்ற உடம்போடு வந்து தொடங்கிவைத்தவர் தேவ்பந்தின் மஹ்மூதுல் ஹஸன். ஒரு மாதத்தில் அவர் காலமானார். இரண்டு ஊர்களுக்கும் நடுவில் லக்னோவின் நத்வா கல்விக்கூடம் நிற்கிறது. அலிகரில் ஆசிரியராக இருந்துவிட்டு வந்த ஷிப்லி நுஃமானியை நத்வாவின் வரிசையிலும் எழுதுங்கள், அலிகர் வரிசையிலும் எழுதுங்கள். கேள்வி எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம்.

நம்மூர்க்காரர்கள் மறக்கவே கூடாத ஒரு ஜோடி இருக்கிறது. ஷிப்லியின் மாணவர் சையித் சுலைமான் நத்வி 1925இல் சென்னையில் நபி வரலாறு பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை 'குத்பாத்தே மதராஸ்' என்று நூலாயின. 1929 ஜனவரியில் அதே சென்னைக்கு இக்பால் வந்தார். அவர் இங்கும் ஹைதராபாத் முதலிய இடங்களிலும் ஆற்றிய உரைகள் 1930இல் நூலாயின. 1934 ஆக்ஸ்போர்டு பதிப்பில் ஏழாவது உரை சேர்ந்தது. ஆறா ஏழா என்ற குழப்பம் இங்கிருந்து வருகிறது. பதிப்பு ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். இஜ்திஹாத் (மார்க்கச் சட்டத்தில் சுயமாக ஆய்ந்து முடிவெடுத்தல்) உரிமையைத் தனித்தனி மத்ஹப் (ஹனஃபி, ஷாஃபி போன்ற சட்டப்பள்ளி) அறிஞர்களிடமிருந்து சட்டமன்றத்துக்கு மாற்றலாம் என்று எழுதிய இக்பால், ஃபிக்ஹில் (மார்க்கச் சட்டத்தில்) சந்தேகம் வந்தால் கடிதம் எழுதிக் கேட்டது இந்த சுலைமான் நத்வியிடம்தான். இந்த வரியை எழுதிய அன்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்துஹு 1899இல் எகிப்தின் முஃப்தி ஆனார், 1905இல் இறந்தார். இடையில் 1903இல் டிரான்ஸ்வால் ஃபத்வா. தென்னாப்பிரிக்காவிலிருந்து மூன்று கேள்விகள் வந்தன. குறிப்பேடுகள் எல்லாம் ஐரோப்பியத் தொப்பி அணியலாமா என்ற முதல் கேள்வியோடு நின்றுவிடும். கிறிஸ்தவர்கள் அறுத்த இறைச்சி இரண்டாவது. மூன்றாவது, ஹனஃபி இமாமுக்குப் பின்னால் ஷாஃபி தொழலாமா என்பது. காயல்பட்டினத்து ஷாஃபிக்கும் ஆம்பூர் ஹனஃபிக்கும் இதை விளக்கவே வேண்டாம்! மூன்றுக்கும் அவர் ஆகும் என்றார். எதிர்ப்பும் வெறும் மார்க்க எதிர்ப்பாக இருக்கவில்லை. அவருக்கும் எகிப்தின் ஆட்சியாளர் கெதீவ் அப்பாஸ் ஹில்மிக்கும் இருந்த பகை பத்திரிகைகளில் இதை ஊதிப் பெரிதாக்கியது.

மரபுவழியாளர்கள் அசையவே மாட்டார்கள், மாற்றம் என்றால் நவீனவாதிகள்தான் என்று எண்ணுபவர்களுக்கு அஷ்ரஃப் அலி தானவியின் 'அல்-ஹீலத்துந் நாஜிஸா' நல்ல மருந்து. கணவன் காணாமல் போன பெண் என்ன செய்வாள்? ஹனஃபி நூல்களின்படி அவனுடைய வயதொத்தவர்கள் இறக்கும் காலம் வரை காத்திருக்க வேண்டும்; 90 வயது என்று கணக்குச் சொன்னவர்களும் உண்டு. திருமணத்திலிருந்து விடுபட வேறு வழி தெரியாமல் பஞ்சாபில் பெண்கள் மதம் மாறியதாகக் காட்டிக்கொண்டார்கள். தேவ்பந்து வழி வந்த ஹனஃபியான தானவி, மதீனாவின் மாலிகி அறிஞர்களிடம் ஃபத்வா பெற்று, நான்கு ஆண்டு என்ற மாலிகி விதியை 1930களின் தொடக்கத்தில் எடுத்தாண்டார். தக்லீதுக்குள் (மத்ஹபைப் பின்பற்றும் வழக்கத்துக்குள்) நின்றுகொண்டே செய்தது இது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டத்தில் அந்த நான்கு ஆண்டு அப்படியே இருக்கிறது. ஆனால் முஸ்லிம் நீதிபதிதான் தீர்ப்பளிக்க வேண்டும் என்று உலமா வைத்த நிபந்தனை சட்டத்தில் ஏறவில்லை. அந்தக் கசப்பும் கதையில் சேர்த்தி. நான்காவது கட்டத்தில் இரண்டையும் எழுதுங்கள்.

காலவரிசைக் கேள்விக்கு என் தாளிலிருந்து சில வரிகள்:

1870 – சர் சையதின் 'தஹ்தீபுல் அக்லாக்' இதழ்.
1884 – பாரிசில் 'அல்-உர்வத்துல் வுஸ்கா' இதழ், ஆப்கானி, அப்துஹு.
1897 – அப்துஹுவின் 'ரிசாலத்துத் தவ்ஹீத்'. ஆப்கானி இறந்ததும் இதே ஆண்டு.
1898 மார்ச் – 'அல்-மனார்' முதல் இதழ். சர் சையது இறந்ததும் இதே மாதம்.
1899 – காசிம் அமீனின் 'தஹ்ரீருல் மர்ஆ'. அதே ஆண்டில் தல்அத் ஹர்பின் எதிர்நூல்.
1928 – இக்வான் (முஸ்லிம் சகோதரத்துவ இயக்கம்). ரிழாவின் தாக்கம் ஹஸனுல் பன்னாவரை நீள்கிறது.
1961 – அஸ்ஹர் மறுசீரமைப்புச் சட்டம்.
1968 – பாகிஸ்தானில் ஃபஸ்லுர் ரஹ்மான் பதவி விலகல்.

கடைசி வரிக்கு மட்டும் ஒரு சொல். வஹீ (இறைச்செய்தி) நபியின் உள்ளத்தோடு எப்படித் தொடர்புற்றது என்று ஃபஸ்லுர் ரஹ்மான் 1966இல் 'இஸ்லாம்' நூலில் எழுதியதை வைத்துக் கிளம்பிய போராட்டம் அவரைப் பாகிஸ்தானின் இஸ்லாமிய ஆய்வு நிறுவனத்திலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பியது. குர்ஆனைப் புரிந்துகொள்வதற்கான அவருடைய 'இரட்டை நகர்வு' கோட்பாடு 1982 நூலில் இருக்கிறது. 1966 நூலோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

இனி நடைமுறை.

ஓதி வந்தவர்கள் கவனிக்க: வினாத்தாளில் அரபுப் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் வரும், அதுவும் ஒரே எழுத்துமுறையில் வராது. பகீத், கிழ்ர் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதிப் பார்த்துவிட்டுப் போங்கள். தெரிந்த ஆளை அடையாளம் தெரியாமல் விடுவது பெரிய கொடுமை.

தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள்.

ஆண்டுகளை ஹிஜ்ரியில் மனப்பாடம் செய்தவர்கள் கிறிஸ்து ஆண்டுக்கு முன்கூட்டியே மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். தேர்வறையில் கணக்குப் போட நேரமிருக்காது.

பழைய பகுதிகளுக்கும் இந்தத் தாள் உதவும். கஸ்ஸாலியின் தத்துவ மறுப்புக்கு இப்னு ருஷ்த் எழுதிய மறுப்பைவிட நல்ல ஜோடி எங்கே கிடைக்கும்? இறையியல் பள்ளிகளான முஃதஸிலாவையும் அஷ்அரியையும் அப்படியே எழுதலாம்.

கூட்டுப் படிப்பு எனக்கு ஒத்துவராது. நால்வர் சேர்ந்து உட்கார்ந்தால் பத்தாவது நிமிடத்தில் அப்துஹு வழிதவறியவரா இல்லையா என்று ஃபத்வா கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்குத் தேர்வில் கட்டம் இல்லை. இரவில், தனியாக, ஒரு நூலையும் அதன் மறுப்பையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். சமாதானப் பிரியர்களுக்கு இந்த முறை எரிச்சலூட்டலாம். அவர்கள் நாடு வாரியாகப் படிக்கட்டும். எகிப்து, இந்தியா, துருக்கி என்று பிரித்தால் அதுவும் ஓடும். ஆனால் பதில் எழுதியவரை விட்டுவிட்டு எழுதத் தூண்டியவரை மட்டும் படிப்பதை எந்த முறையிலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பாடத்திட்டத்தில் ஆப்கானி, அப்துஹு, இக்பால் பெயர்கள்தான் பெரிதாகத் தெரியும். முதீஈயையும் நானூத்தவியையும் நீங்களாகத் தேடிப் பிடிக்க வேண்டும்.

முதல் தாளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கற்பித்தல் திறன், சதவீதக் கணக்கு எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தேன். அதை விரும்பிப் படித்தவர்கள் வேறெங்காவது எழுதியிருப்பார்கள்.

என் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியும் கேட்க வேண்டாம். என் கையெழுத்து உங்களுக்கு விளங்காது. ஜேஆர்எஃப்புக்காக நான் திரும்பவும் எழுதப்போவதால் அது இப்போது என் மேசையைவிட்டு நகரவும் நகராது. நான்கு கட்டம் போட ஒரு அளவுகோல் போதும்.