சூடு கொடுத்துக் கழற்றிய பேரிங்

டொக்கென்று ஒரு சத்தம். பழைய பைக் இன்ஜினின் அலுமினியக் கூடான கிராங்க்கேஸிலிருந்து, தண்டு சுழல உதவும் ஸ்டீல் வளையமான பேரிங் கழன்று கீழே விழுந்தது!

சுத்தியலைத் தொடவே இல்லை. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால், பேரிங்கைச் சுற்றியுள்ள அலுமினியத்தை நிதானமாகச் சூடாக்கினேன். தண்ணீர் ஒரு சொட்டு விட்டதும் சொய்யென்று கொதித்து மறைந்தது. 100 டிகிரியைத் தாண்டிவிட்டது. அப்புறம் கேஸைக் கவிழ்த்து மரக்கட்டைமேல் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

ஒரே சூட்டில் ஸ்டீலைவிட அலுமினியம் ஏறக்குறைய 2 மடங்கு விரியும். அதனால் பேரிங்கின்மேல் கேஸின் பிடி தளர்ந்துவிடும். (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை முன்பே எடுத்துவிடுங்கள், கருகிவிடும்.)

அடித்துக் கழற்றினால் பேரிங் கோணலாக வந்து, அது உட்காரும் துளையைக் கீறிவிடும். பேரிங் புதிதாக வாங்கலாம். இத்தனை வருஷம் தாங்கிய கேஸுக்கு எங்கே போவது?

புது பேரிங் இப்போது ஃப்ரீசரில் இருக்கிறது. குளிரில் சுருங்கட்டும். நாளை கேஸை மறுபடி சூடாக்கி உட்கார வைக்க வேண்டும்.