வேறு படத்துக்கு எழுதிய குறிப்பு

திரைப்படக் கழகம் ஒன்றில், திரையிடலுக்கு முன் பார்வையாளர்களுக்குக் கொடுக்கும் ஒருபக்க அறிமுகக் குறிப்புகளை எழுதுவது சில ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. படத்தைப் பார்த்து எழுதியதைவிட, விமர்சகர்கள் சொன்னவற்றைத் தொகுத்து எழுதியதே அதிகம். அந்தப் பழக்கம் என்னைக் காட்டிக்கொடுத்தது, ஜுசெப்பே தோர்னத்தோரேயின் ‘சினிமா பாரடைசோ’ திரையிடப்பட்ட மாலையில்.

1988-இல் இத்தாலியில் இரண்டரை மணி நேரத்துக்கும் மேற்பட்ட நீளத்தில் வெளியாகி வசூலில் தோற்ற அப்படம், ஏறத்தாழ 124 நிமிடங்களாகக் குறைக்கப்பட்ட பின், 1989-இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசையும், 1990-இல் சிறந்த வேற்றுமொழிப் படத்துக்கான ஆஸ்கரையும் பெற்றது என்று எழுதியிருந்தேன். சிசிலியச் சிற்றூர் ஒன்றின் திரையரங்கில் ஆபரேட்டர் ஆல்ஃபிரெடோவுக்கும் சிறுவன் டோட்டோவுக்கும் இடையே வளரும் பாசத்தை மெச்சியவர்களையும், மிகையுணர்ச்சி என்று முகம் சுளித்தவர்களையும் சமமாகக் குறிப்பிட்டு, நடுநிலை காத்துவிட்டதாக மகிழ்ந்தும் இருந்தேன்.

கழகத்துக்கு வந்து சேர்ந்ததோ 173 நிமிட நீள்வடிவம். அதை முன்கூட்டிப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

குறுகிய வடிவத்தில் டோட்டோவின் காதலி எலெனா காரணம் தெரியாமலே மறைந்துபோகிறாள். ஆல்ஃபிரெடோ கடைசிவரை கனிந்த தந்தையாகவே நிற்கிறார். நீள்வடிவத்தில், நடுவயதில் அவளைச் சந்திக்கும் டோட்டோ, தன் எதிர்காலத்தைக் காரணம் காட்டி அவளை விலகிப்போகச் செய்தவர் ஆல்ஃபிரெடோவே என்று அறிகிறான். அதன்பின் வரும் இறுதிக் காட்சியில், பாதிரியார் வெட்டச் சொன்ன முத்தக் காட்சிகளை ஒட்டி ஆல்ஃபிரெடோ விட்டுச்சென்ற ரீல், முன்பு பரிசாகத் தெரிந்தது போய், மன்னிப்புக் கேட்பதுபோல ஓடுகிறது. ஒரு ஃபிரேம்கூட மாறாத அதே காட்சிதான்! மிகையுணர்ச்சி என்று குறை சொன்னவர்கள் எந்த வடிவத்தைப் பார்த்தார்கள் என்று கேட்காமலே அவர்கள் சொல்லை நான் எடுத்தாண்டிருந்தேன். என் அளவில் குறுகிய வடிவமே சிறந்தது; சொல்லாமல் விட்ட இடத்தில்தான் அதன் துயரம் தங்கியிருக்கிறது. ஆனால் அதையும் இரண்டையும் பார்த்த பிறகே சொல்ல முடிந்தது.

படம் முடிந்ததும் முதிய பார்வையாளர் ஒருவர் குறிப்பை மடித்து என்னிடமே நீட்டி, “தம்பி, இது எந்தப் படத்துக்கு எழுதினது?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே குழம்பியிருந்தார்.

அடுத்த மாதத்திலிருந்து என் குறிப்புகளின் முதல் வரியில், இயக்குநர் பெயருக்கும் முன்னால், திரையிடப்படும் பிரதியின் நீளம் இடம்பெற்றது.