மேடிசனில் குடியேறினோம்: தேதி பார்த்துக் கற்றுக்கொண்ட ஊர்

விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசனுக்கு வீடு மாறி வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய தேதி ஆகஸ்ட் 14. இங்குள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள வாடகை வீடுகளில் பெரும்பாலானவற்றின் ஒப்பந்தம் அன்று நண்பகலோடு முடிந்துவிடும். அடுத்த ஒப்பந்தம் 15ஆம் தேதிதான் தொடங்கும். நடுவில் இருக்கும் அந்த ஓர் இரவு, ஏராளமானவர்கள் சாமான்களை வாடகை லாரியில் ஏற்றிவைத்துக்கொண்டு நண்பர் வீட்டிலோ லாரியிலோ படுத்து எழுகிறார்கள். கட்டில், மேசை, புத்தக அலமாரி, இன்னும் நன்றாக எரியும் மேசை விளக்கு எல்லாம் நடைபாதையில் வரிசையாக நிற்கும். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எங்கள் மகளின் படிப்பு மேசையும் இரண்டு நாற்காலிகளும் அப்படி வந்தவைதான். மெத்தை, சோபாவை மட்டும் தொட வேண்டாம் என்று பக்கத்து வீட்டு அம்மா எச்சரித்தார். மூட்டைப்பூச்சி வரும் வழி அது.

என் கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை கிடைத்ததால் நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து இங்கே வந்தோம். எடிசனில் இருந்தவரை அமெரிக்காவில் இருக்கிறோம் என்ற நினைப்பே பாதி நேரம் வராது. கறிவேப்பிலை, இட்லி மாவு, பூக்கட்டு, பாட்டு வகுப்பு எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. அது பெரிய வசதி, மறுக்க மாட்டேன். ஆனால் அத்தனை ஆண்டுகளில் எங்கள் தெருவில் இருந்த தமிழர் அல்லாத ஒருவரின் வீட்டுக்குள்ளும் நான் போனதில்லை. மேடிசனில் 2020 கணக்கெடுப்பின்படி 2,69,840 பேர். இந்த அளவு ஊரில் நம்மவர்களை மட்டும் நம்பி வாரத்தை ஓட்ட முடியாது. ஊர்க்காரர்கள் எந்த நாளில் எங்கே கூடுகிறார்களோ அங்கே நாமும் போய் நிற்க வேண்டும். நாங்கள் இந்த ஊரைத் தேதி பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம்.

ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வடக்கே மெண்டோட்டா ஏரி, தெற்கே மொனோனா ஏரி, இரண்டுக்கும் இடையில் ஒடுங்கிய ஒரு நிலத்துண்டு. அதன் நடுமேட்டில் 1917இல் கட்டி முடித்த மாநிலச் சட்டமன்ற மாளிகை. அதன் வெண்ணிறக் குவிமாடத்தை மறைக்கும் உயரத்தில் சுற்றுவட்டாரத்தில் கட்டடம் எழுப்பக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதனால் ஊரின் பல மூலைகளிலிருந்து அது தெரியும், புதிதாக வந்தவருக்குத் திசை காட்டும். அங்கிருந்து மேற்கே ஸ்டேட் ஸ்ட்ரீட் வழியாக நடந்தால் பல்கலைக்கழகம். ஹர் கோவிந்த் குரானா 1968இல் நோபல் பரிசு பெற்றபோது இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் பணியாற்றிக்கொண்டிருந்தார். அந்த வளாகத்தில் நடக்கும்போதெல்லாம் இதை மகளிடம் சொல்வேன். அவளுக்கு அலுத்துவிட்டது, எனக்கு அலுக்கவில்லை.

ஓட்டுநர் உரிம வேலை கணவருக்கும் எனக்கும் வெவ்வேறாக இருந்தது. வேறு மாநில உரிமம் வைத்திருப்பவர் இங்கே குடிவந்து 60 நாட்களுக்குள் விஸ்கான்சின் உரிமத்துக்கு மாற வேண்டும். கணவர் பழைய உரிமத்தையும் முகவரிச் சான்றையும் கொடுத்து மாற்றிக்கொண்டார். நான் எடிசனில் கார் ஓட்டியதே இல்லை. எழுத்துத் தேர்வு, பயிற்சி அனுமதி, சாலைத் தேர்வு என்று முதலிலிருந்து தொடங்கினேன். மாநிலம் தரும் கையேட்டை வரிவரியாகப் படிப்பது நல்லது. பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மின்னவிட்டு நின்றால் குறைந்தது 20 அடி தள்ளி நிறுத்த வேண்டும், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் எதிரே வருகிறவரும் நிறுத்த வேண்டும் என்பது போன்றவை நேராகக் கேள்வியாக வருகின்றன. நடைமுறையில் என்னை மிரட்டியவை ரவுண்டானாக்கள். இந்த மாநிலத்தில் அவை நிறைய. இடப்பக்கமிருந்து சுற்றி வரும் வண்டிக்கு வழிவிட்டு, இடைவெளி கிடைத்ததும் தயங்காமல் நுழைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வெறிச்சோடிய ஒரு ரவுண்டானாவைத் திரும்பத் திரும்பச் சுற்றித்தான் கை பழகியது. இலையுதிர் காலத்தில் அந்தி நேரத்து மான்களையும் பார்த்து ஓட்ட வேண்டும். ஒன்று கடந்து போனால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று சொல்லிக்கொடுத்தவர் சரியாகத்தான் சொன்னார்.

உரிமம் வரும்வரை நகரப் பஸ்தான். பஸ்ஸின் முன்புறத்தில் சைக்கிள் மாட்டும் சட்டம் இருக்கிறது. பயணிகள் இறங்கும்போது ஓட்டுநருக்கு உரக்க நன்றி சொல்கிறார்கள். மகள் அதை முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்டாள்.

அடுத்து, மாதத்தின் முதல் புதன்கிழமை. வீட்டில் தனியாக இருந்தேன். நண்பகல் 12 மணிக்கு ஊர் முழுவதும் அபாயச் சங்கு ஊதியது. வெளியே வானம் தெளிவாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர் நிதானமாகப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். மேடிசன் அடங்கிய டேன் கவுன்டி என்னும் மாவட்டத்தில் சூறாவளிச் சங்கை ஒவ்வொரு மாதமும் முதல் புதன் நண்பகலில் சோதித்துப் பார்ப்பார்கள் என்றார். வெட்டும் இயந்திரத்தை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் பொறுமையாக விளக்கினார். வேறு நேரத்தில் ஊதினால் அது உண்மை, உடனே நிலவறைக்குப் போக வேண்டும். நிலவறை இல்லாத அடுக்குமாடியில் கீழ்த்தளத்தின் உட்பகுதியில் ஜன்னல் இல்லாத அறைக்குப் போக வேண்டும். சங்கு வெளியில் இருப்பவர்களுக்கானது, உறங்குகிறவருக்குக் கேட்கும் என்று நம்பக் கூடாது, ஆகவே ஒரு வானிலை வானொலி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அன்று மாலையே வாங்கினோம்.

சனிக்கிழமைச் சந்தையைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. சட்டமன்ற மாளிகையைச் சுற்றிய சதுக்கத்தில், ஏப்ரல் முதல் நவம்பர் வரை, 1972 முதல் நடந்துவரும் உழவர் சந்தை அது. விளைவித்தவரே விற்க வேண்டும் என்பது விதி. இடைத்தரகர் கிடையாது. எல்லாம் விஸ்கான்சின் மண்ணில் விளைந்தவை. கூட்டம் முழுவதும் கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில் நகரும். அந்த ஓட்டத்தோடு போவதே சுகம். எட்டு மணிக்குள் போய்விட்டால் விற்பவரிடம் நின்று பேச நேரம் கிடைக்கும்.

அங்கேதான் மங் இனத்து உழவர்களின் கடைகளைக் கண்டேன். வியட்நாம் போரின்போது லாவோஸில் அமெரிக்காவின் பக்கம் நின்று, 1975க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். அமெரிக்காவில் கலிபோர்னியா, மினசோட்டாவுக்கு அடுத்தபடியாக மங் மக்கள் அதிகம் வாழ்வது இந்த மாநிலத்தில்தான். ஒரு மேசையில் பாகற்காய், குச்சி போன்ற சிறு மிளகாய், எலுமிச்சைப்புல், கொத்தமல்லி, பூசணிக் கொழுந்து. நான் பாகற்காயைக் கையில் எடுத்து நுனியைக் கிள்ளிப் பார்த்ததும், அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த பாட்டி எழுந்து வந்தார். என் கையிலிருந்ததை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கூடையின் அடியிலிருந்து வரிகள் நெருங்கிய, விதை முற்றாத பிஞ்சுகளைப் பொறுக்கித் தந்தார். பேத்தி ஆங்கிலத்தில் கேட்டாள்: "நீங்கள் இதை எப்படிச் சமைப்பீர்கள் என்று பாட்டி கேட்கிறார்." புளியும் வெல்லமும் போட்டு என்றேன். பாட்டி நீண்ட நேரம் யோசித்துவிட்டு ஏதோ சொன்னார். "வெல்லம் வேண்டாம், கசப்பு இருக்கட்டும் என்கிறார்." அந்த வாரம் வெல்லம் சேர்க்காமல் வறுத்தேன். அடுத்த சனிக்கிழமை போய், நன்றாக இருந்தது என்று சொன்னேன். அன்றிலிருந்து அந்தக் கடையில் எனக்கென்று ஒரு பை ஒதுங்கியிருக்கும்.

அக்டோபரில் கிரான்பெரி என்னும் புளிப்பான சிறு சிவப்புப் பழம் வரும். நாட்டின் மொத்த விளைச்சலில் பாதிக்கு மேல் விஸ்கான்சினில்தான். நல்லெண்ணெய், வெந்தயப் பொடி, பெருங்காயம் போட்டுத் தொக்கு செய்தால் களாக்காய் ஊறுகாயின் இடத்தை நிறைவாகப் பிடித்துக்கொள்கிறது. அன்றன்று செய்த சீஸ் கர்ட் என்னும் சிறு கட்டிகளையும் சொல்ல வேண்டும். புதிதாக இருக்கும்போது கடித்தால் பல்லில் கீச்சிடும். ஓரிரு நாளில் அந்தச் சத்தம் போய்விடும், ஆகவே வாங்கிய கையோடு தின்ன வேண்டும். பாலைத் திரிக்கச் சேர்க்கும் ரென்னெட் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம், ஆகவே சைவர்கள் எந்த ரென்னெட் பயன்படுத்தினார்கள் என்று கேட்டு வாங்கலாம். செய்தவரே எதிரில் நிற்பதால் பதில் உடனே கிடைக்கும்.

குளிருக்கு வருவோம். எங்களுக்கு மிகவும் உதவியது பள்ளியிலிருந்து வந்த சிறு பட்டியல். பனிக்கான மேற்கால்சட்டை, நீர் புகாத பூட்ஸ், விரல் பிரிக்காத கையுறை, காது மூடும் தொப்பி ஆகியவை கட்டாயம் என்று அதில் இருந்தது. பனி விழுந்தாலும் பிள்ளைகளை விளையாட வெளியே அனுப்புகிறார்கள். பிள்ளைகளின் பனி உடுப்புகளைப் புதிதாக வாங்கித் தீராது, ஒரே ஆண்டில் அளவு மாறிவிடும். செயின்ட் வின்சென்ட் டி பால் போன்ற பழம்பொருள் கடைகளில் செப்டம்பரிலேயே நல்லவை கிடைக்கும். நவம்பரில் போனால் மிச்சம் மீதிதான். பெரியவர்கள் கோட்டில் செலவழிப்பதைவிட பூட்ஸில் செலவழிக்க வேண்டும். கால் சூடாக இருந்தால் மற்றதைச் சமாளிக்கலாம்.

இரண்டாம் ஆண்டில் தனி வீட்டுக்கு மாறியபோது பனி எங்கள் பொறுப்பாகிவிட்டது. பனி நின்ற மறுநாள் நண்பகலுக்குள் வீட்டுக்கு முன்னுள்ள நடைபாதையைச் சுத்தம் செய்தாக வேண்டும், தவறினால் அபராதம். முதல் பெரும்பனிக்குப் பிறகு நான் மண்வெட்டி பிடிப்பதுபோல் பிடித்து அள்ளிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர், அதே புல் வெட்டியவர்தான், இந்தப் பக்கம் வந்து கற்றுக்கொடுத்தார். தூக்காதீர்கள், தள்ளுங்கள். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் முழங்காலை மடக்குங்கள், முதுகை வளைக்காதீர்கள். காரை எடுப்பதற்கு முன் அள்ளிவிடுங்கள், சக்கரம் ஏறி அழுத்திய பனி இறுகிப்போனால் கிளம்பவே கிளம்பாது. உப்பைக் கை நிறைய வீசாதீர்கள், ஒரு சிட்டிகைபோல் பரவலாகத் தூவுங்கள், அத்தனையும் கடைசியில் ஏரிக்குத்தான் போகிறது. இந்த ஊரில் எந்தப் பேச்சும் கடைசியில் ஏரிக்கு வந்து சேரும்.

அதற்குக் காரணம் உண்டு. மெண்டோட்டா ஏரி எந்த நாளில் உறைந்தது, எந்த நாளில் உருகியது என்று 1850களிலிருந்து குறித்து வைத்திருக்கிறார்கள். ஏரிக்கரையில் உள்ள பிக்னிக் பாயிண்ட் என்னும் இடத்திலிருந்து இன்னொரு கரையில் உள்ள மேப்பிள் பிளஃப் வரை படகில் போக முடியுமா என்பதே பழைய அளவுகோல். அந்தப் பதிவேட்டைப் பார்த்தால் பனிக்கட்டி நிற்கும் காலம் அப்போதைவிட ஏறத்தாழ ஒரு மாதம் குறைந்திருக்கிறது. பருவநிலை மாற்றத்தைப் பற்றி நான் படித்த எதையும்விட இது என்னை அதிகம் பாதித்தது. ஏனென்றால் அந்த ஏரியின்மேல் நான் நடந்திருக்கிறேன். குறைந்தது நான்கு அங்குலக் கெட்டியான பனிக்கட்டி வேண்டும், எந்தப் பனிக்கட்டியும் முழுப் பாதுகாப்பல்ல, தெரிந்தவர்களோடு மட்டும் போக வேண்டும். எதிர்வீட்டுக்காரர் துளைபோடும் கருவியால் துளைத்து அளந்து காட்டிய பிறகுதான் அடி எடுத்து வைத்தேன். தொலைவிலிருந்து அடிவயிற்றில் அதிரும் ஒரு முழக்கம் கேட்டது. பனிக்கட்டி விரிந்து சுருங்குகிறது, பயப்படாதீர்கள் என்றார். சுற்றிலும் சிறு கூடாரங்களில் மனிதர்கள் துளைக்குள் தூண்டிலை விட்டுக் காத்திருந்தார்கள். மகள் பனிச்சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு கூடாரமாகப் போய் என்ன மீன் என்று விசாரித்து வந்தாள்.

மீன் என்றால் வெள்ளிக்கிழமை. விஸ்கான்சின் முழுவதும் வெள்ளி மாலை மீன் வறுவல்தான். வெள்ளியன்று இறைச்சி தவிர்த்த கத்தோலிக்கக் குடும்பங்களிடமிருந்து வந்த வழக்கம். இப்போது எல்லாருக்கும் சொந்தம். மாவில் தோய்த்துப் பொரித்த மீன், கோஸ் சாலட், ரை ரொட்டி, உருளைக்கிழங்கு அடை. பழைய பாணி உணவகங்களில் மேசைக்காக ஒரு மணி நேரம் காத்திருப்பார்கள், காத்திருக்கும்போதுதான் ஊர்க்கதைகள் எல்லாம் வரும். எதிர்வீட்டுத் தம்பதியர் எங்களை அழைத்துப்போனது அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. மீன் அருமையாக இருந்தது, காரம்தான் இல்லை. அடுத்த வெள்ளி எங்கள் வீட்டில் என்று சொல்லிவிட்டேன்.

அவர் உறைந்த ஏரியில் பிடித்த பெர்ச் மீனைத் தோல் நீக்கி, துண்டு போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் அரிசி மாவு. சதை மெல்லியது, கால் மணி நேரம் ஊறினால் போதும். அதிகம் ஊறினால் உதிர்ந்துவிடும். இரும்புக்கல்லில் கறிவேப்பிலையோடு இரண்டு பக்கமும் முறுக வறுத்தேன். அவர் மனைவிக்குக் கண்ணில் நீர் வந்தது, தட்டை மட்டும் விடவில்லை. இப்போது பெர்ச் பிடித்தால் துண்டு போட்ட மீனோடு நேராக எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார், மசாலா தடவிக் கொடு என்று.