எங்கள் மரவீட்டில் காற்று புகுந்த இடங்கள்

"தம்பி, கல்லிலை கட்டாமல் பலகையிலையா வீடு கட்டப்போறாய்?" என்று அம்மா கேட்டார். யாழ்ப்பாணத்தில் கல்வீடு என்றால் அந்தக் குடும்பம் தலைநிமிர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் அவர் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் அவர் இருபது வருடம் இருந்த செங்கல் வீடும் மரவீடுதான். ஒன்ராறியோவில் இப்படியான வீடுகளுக்குச் செங்கல் வெளிப்போர்வை மட்டுமே. கூரையையும் மாடியையும் தாங்கி நிற்பது உள்ளே இருக்கும் மரச்சட்டம்.

பீற்றர்பரோவுக்கு வடக்கே ஒரு காணி வாங்கினோம். 1,600 சதுர அடி, மேல்மாடி உண்டு, பேஸ்மென்ட் இல்லை. தான் குடியிருக்கப் போகும் வீட்டுக்கு உரிமையாளரே வரைபடம் போட இங்கே இடமுண்டு என்பதால், ஒரு குளிர்காலம் முழுக்க நானே உட்கார்ந்து வரைந்தேன். பெர்மிட் சிரமமில்லாமல் கிடைத்தது. உறைபனி நிலத்துக்குள் இறங்கும் என்பதால் அத்திவாரம் 4 அடிக்கும் கீழே போனது. அதுவும் நல்லபடி முடிந்தது.

என் யோசனை முழுக்கச் சுவரில்தான் இருந்தது. இங்கே வழக்கமான சுவர் 2×6 கட்டைகளை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தி, இடையில் வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு அடைத்தது. பஞ்சில் ஆர் 22 என்று எழுதியிருக்கும். ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் அளவு, எண் கூடினால் நல்லது. ஆனால் கட்டை நிற்கிற இடத்தில் ஆர் 7 கூட வராது. வெப்பம் அந்தக் கட்டை வழியாகவே வெளியே போய்விடும். அதனால் இரட்டைச் சுவருக்குப் போனேன். உள்ளே ஒரு வரிசை 2×4, வெளியே ஒரு வரிசை 2×4, நடுவில் 5 அங்குல இடைவெளி. பெயர் 2×4 என்றாலும் கட்டையின் அகலம் 3½ அங்குலம்தான். மொத்தம் 12 அங்குலம். அது நிறைய செலுலோஸ், அதாவது பழைய செய்தித்தாளை அரைத்து, எளிதில் தீப்பற்றாதபடி போரிக் உப்பு கலந்த பஞ்சு. ஆர் 40ஐத் தாண்டும்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1977இல் சஸ்காட்சுவான் மாகாணத்தின் ரெஜைனாவில், ஹரோல்ட் ஓர் போன்ற பொறியாளர்கள் சேர்ந்து 12 அங்குலச் சுவரோடு ஒரு வீடு கட்டினார்கள். அந்தக் குளிர் ஊரில் ஃபர்னஸ், அதாவது சூடாக்கும் உலை, இல்லாத வீடு. பின்னாளில் ஜெர்மனியில் பாசிவ் ஹவுஸ் என்ற, மிகக் குறைந்த வெப்பச் செலவில் வீடு கட்டும் முறையை உருவாக்கியவர்களுக்கு அது ஒரு முன்னோடி. அதைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சுவரின் தடிப்புத்தான் மனதில் நின்றது. அவர்களின் வெற்றியில் பாதி, காற்று புகாமல் அடைத்ததில்தான் இருந்தது என்பதை நான் சரியாக உள்வாங்கவில்லை.

அதற்கு விலை கொடுத்தேன். உள்சுவரின் மேல் ஒரு படலம் விரித்து மூட்டுகளை டேப் போட்டு ஒட்டினோம். குளிர்காலத்தில் ஈரத்தைத் தடுத்து, சுவருக்குள் ஈரம் கூடினால் தானே வழிவிடும் வகை அது. ஆனால் வயர்களுக்கென்று தனி இடம் விட நான் மறந்துவிட்டேன். எலக்ட்ரீஷியன் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். ஒவ்வொரு பிளக் பெட்டியும் அந்தப் படலத்தைத் துளைத்தது. எண்ணிப் பார்த்தால் 40க்கு மேல்.

உட்சுவரை மூடும் ஜிப்ரொக் பலகை அடிக்கும் முன்பே, காற்றுக் கசிவை அளக்கும் புளோவர் டோர் சோதனை வைத்தோம். வாசலில் பெரிய விசிறி பொருத்தி, உள்ளேயும் வெளியேயும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வரும்வரை காற்றை இழுப்பார்கள். மணிக்கு வீட்டின் கனவளவைப் போல எத்தனை மடங்கு காற்று கசிகிறது என்று கணக்கு. சக்தியைச் சேமிக்கும் வீடுகளுக்கான கனடாவின் ஆர்-2000 தரத்துக்கு 1.5க்கு மேல் போகக்கூடாது, பாசிவ் ஹவுஸுக்கு 0.6. எங்களுக்கு வந்தது 2.7. அவ்வளவு தடித்த சுவர் கட்டியும் இப்படியா என்று மனைவி என்னைப் பார்த்தார். எனக்குப் பதில் இல்லை.

விசிறியை ஓடவிட்டு, ஊதுபத்தி கொளுத்திச் சுவர் ஓரமாக நடந்தோம். அம்மாவும் கூட வந்தார். யன்னல்கள்தான் குற்றவாளி என்று நினைத்திருந்தேன், அங்கே புகை அசையவே இல்லை. கொங்கிரீட்டின் மேல் முதல் கட்டை உட்காரும் இடத்தில் புகை உள்ளே வளைந்தது. மாடித்தளக் கட்டைகள் வெளிச்சுவரைத் தொடும் இடத்தில் சிதறிப் போனது. கூரைக்கு ஏறும் மூடியிலும் அப்படியே. பிளக் பெட்டிகளைச் சொல்லவே வேண்டாம்.

குளிர் உள்ளே வருவதை விட, உள்காற்று சுவருக்குள் போவதுதான் எனக்குப் பயம். 21 பாகை செல்சியஸில் 40 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 7 பாகைக்குக் குளிர்ந்தாலே நீராகும். சனவரியில் சுவரின் வெளிப்பலகை அதைவிட எவ்வளவோ குளிராக இருக்கும். சுவர் தடித்தால் அது இன்னும் குளிரும். கசிந்த ஈரம் அங்கே உறைந்து, வசந்தத்தில் உருகி, மரத்தை உளுக்கவைக்கும்.

ஆகவே பெட்டிகளை எல்லாம் கழற்றி, துளைகளை ஒட்டி, படலத்தின் மேல் 2×3 கட்டைகள் நிறுத்தி, வயர்களை அந்த இடைவெளியில் ஓட்டினோம். வெளிச்சுவர் உள்ள பக்கமெல்லாம் அறை 2½ அங்குலம் சுருங்கியது. மூன்று வாரம் தாமதம். எலக்ட்ரீஷியனுக்கு இரண்டாம் முறை கூலி. தளக் கட்டைகளின் முனைகளை நானும் மனைவியும் ஏணியில் நின்று ஒவ்வொன்றாக அடைத்தோம். மறுபடி சோதித்தபோது 0.9.

இத்தனை இறுக்கமான வீட்டுக்குத் தானாகக் காற்று வராது. வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் புதுக்காற்றுக்குக் கொடுக்கும் எச்ஆர்வி என்ற இயந்திரம் இரவுபகல் ஓடவேண்டும். கருவாடு பொரிக்கும் நாளில் அது மட்டும் போதாது. அடுப்புக்கு மேல் வெளியே தள்ளும் விசிறி வைத்தோம், அது இழுக்கும் காற்றுக்கு ஈடாக வேறொரு வழியும் விட்டோம். நம் சமையலை நினைத்து இதை வரைபடத்திலேயே போட்டுவிடுங்கள்.

முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் வெளியே மறை 18 பாகை, 9 மணி நேரம் மின்சாரம் இல்லை. வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் நின்றுவிட்டது. உள்ளே 21இல் இருந்து 18க்குத்தான் இறங்கியது. அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு, "இது பரவாயில்லை" என்றார்.

வடக்குச் சுவரின் வெளிப்பலகையில் ஈரம் அளக்கும் இரண்டு முனைகளைப் பதித்துவிட்டு மூடினேன். 20 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் கவலைப்பட வேண்டும். பெப்ரவரியில் 17 காட்டியது. ஜூனில் 11. இந்த வருடமும் பெப்ரவரி வந்ததும் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான்.